தொட்டுப் பார்க்கிறவர்

வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது. சண்டைக்கு இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்து ஒருதடவை உருட்டினார். "சோப்பு சரியா போகலண்ணே. கழுத்து அரிக்குதா?" என்றார். அரித்தது. இரண்டு நாளாகக் கொசுவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு லாண்டரிக்காரரிடமிருந்து எந்தத் துணியும் தப்ப முடியாது. திரைச்சீலை, சோபா உறை, தபால்காரரின் தோள்பை, எதைக் கண்டாலும் அந்த இரண்டு விரல்களும் தாமாகவே அங்கே போய்விடும். ஒருமுறை ஏதோ கையெழுத்துக்காக வங்கி மேலாளரின் அறைக்குப் போனவர், பேச்சுக்கு நடுவில் எழுந்து ஜன்னல் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பின்னாடி ஏசி தண்ணி ஒழுகுது சார்" என்றாராம். ஒழுகத்தான் செய்ததாம். கூடப் போயிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

வயது நாற்பதைத் தொடவில்லை. குள்ளம். முழங்கைவரை கை இரண்டும் வெளுத்துப்போய், வேறு யாரிடமோ இரவல் வாங்கி மாட்டிக்கொண்டவை மாதிரி இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பெரிய லாண்டரியில் ஈரப் பிரிவு அவருடைய பொறுப்பு. மூன்று ஆஸ்பத்திரிகள், ஐந்து ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து இறங்கும். ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு துணிச்சீட்டை ஊக்கு குத்தி மாட்ட வேண்டும். எங்கிருந்து வந்தது, என்ன கறை, எத்தனை உருப்படி. அழியாத மையால் எழுதுவார்கள். ரத்தத்துக்கு ஒரு தண்ணீர், எண்ணெய்க்கு ஒரு தண்ணீர், மூத்திரத்துக்கு ஒரு தண்ணீர். சீட்டு இல்லாத மூட்டையை அவர் துவைக்கும் டிரம் பக்கமே விடமாட்டார். சட்டைப் பை ஓரத்தில் எப்போதும் ஊக்குகள் வரிசையாகத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும்.

கறையைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "சூடு காட்டினா கறை அங்கயே உக்காந்துக்கும்ணே. மொதல்ல பச்சத்தண்ணி. அவசரமே கூடாது" என்பார். இன்னொரு பழக்கமும் உண்டு. ஈரத்துணியை எந்த யோசனையும் இல்லாமல் அப்படியே அள்ளுவார். காய்ந்த துணியைத் தொடுவதற்கு முன்னால் மட்டும் இரண்டு கைகளையும் சட்டையில் துடைத்துக்கொள்வார். இருபது வருஷத் தொழிலில் கைக்கு வந்த மரியாதை. அவருக்கே அது தெரியாது. நான் கேட்டபோது, "அப்பிடியா பண்றேன்?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இவருக்கு ஆறரை வயதில் ஒரு மகள். முன்பல் இரண்டும் விழுவதற்கு முன்பு எதையும் கொறித்துக்கொண்டே இருந்ததால் அணில் என்று பெயர் விழுந்தது. பல் விழுந்த பிறகும் பெயர் விழவில்லை. அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். பாதி மாதம் இரவு வேலை. ஆகவே இரவு முழுக்க அப்பா, காலையில் அப்பா, பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிடுவதும் அப்பா.

அணில் தினமும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். ஊரிலுள்ள அத்தனை பேரின் விரிப்புகளையும் வெளுக்கிறவருக்கு வீட்டில் ஒரு விரிப்பு பெரிய விஷயமா? அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. வேலைக்குப் போகும் முன் அலசி மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டுப் போவார். திட்டமாட்டார், பெருமூச்சு விடமாட்டார். பெரிதாக எடுத்துக்கொண்டவள் அணில்தான். ஏனென்றால் அவளுடைய பெரியம்மா வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்திருந்தது. வெள்ளை, ஒரு காது மட்டும் பழுப்பு. விடுமுறைக்கு வா, அக்காக்களோடு வரிசையாகப் படுத்துக்கொள்ளலாம், நாய்க்குட்டியும் நடுவில் படுக்கும் என்று அழைப்பு. அணில் ஒரு வாரம் அந்த நாயைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. பிறகு ஒருநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. படுத்தால் விடியும்போது என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கெல்லாம் யோசனை சொல்வது எனக்குக் கைவந்த கலை. "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியக் கண்ணுலயே காட்டாதீங்க" என்று அவரிடம் அடித்துச் சொன்னேன். எங்கே படித்தேன், யார் சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. அவரும் நான்கு நாள் அப்படியே செய்தார். குழந்தைக்குத் தொண்டை வறண்டதுதான் கண்ட பலன்.

இரண்டாவது பங்கு அதைவிட மோசம். என் தொழில் அச்சுப்பிழை திருத்துவது. பக்கத்தை வாய்விட்டுப் படித்துத்தான் பிழை பிடிப்பேன். முப்பது வருஷமாக அப்படிப் படித்து, இப்போது எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் வாய் திறந்துவிடும். பேருந்தில் விளம்பரம் படித்து அடி வாங்கப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை மொட்டைமாடிக்குப் போனேன். மேல்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். கொடியில் பூப்போட்ட விரிப்பு ஒன்று. அதன் மூலையில் ஊக்கு குத்தி, அழியாத மையில் அழகான கையெழுத்தில் ஒரு துணிச்சீட்டு. கணீரென்று படித்தேன்:

"அணில். மூத்திரம். ஒன்று."

அப்பா தூக்கக் கலக்கத்தில் அலசியிருக்கிறார். கை பழக்கத்தில் சீட்டை எழுதி மாட்டியிருக்கிறது. வேறு எந்த அப்பாவுக்கும் இந்தத் தப்பு வந்திருக்காது. வேறு எந்த எதிர்வீட்டுக்காரனும் இதை இவ்வளவு சுத்தமான உச்சரிப்பில் படித்திருக்க மாட்டான். பிள்ளைகள் பந்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால் படிக்கட்டு வாசலில் அணில் நிற்கிறாள், கையில் இரண்டு கிளிப்போடு. அப்பாவுக்கு உதவி செய்ய மேலே வந்திருக்கிறாள். அவள் அழவில்லை. கிளிப்பைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். அந்தச் சிரிப்பை விழுங்க முடிந்திருந்தால் விழுங்கியிருப்பேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவருக்கு விஷயம் தெரிந்தபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இந்தக் கைய வெட்டிப் போடணும்ணே" என்றார். அன்று பூராவும் மகள் அவரிடம் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும் தண்ணீர் பாட்டில் திங்கட்கிழமையிலிருந்து நிரம்பியபடியே திரும்பி வந்தது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று அவளாகவே முடிவெடுத்துவிட்டாள். அப்படியும் விரிப்பு நனைந்தது. நனைந்ததைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தாள். ஈரத்தை மூக்காலேயே கண்டுபிடிக்கிறவரிடம் ஒளிக்க முடியுமா? கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார். தன்னுடைய விரிப்பை மொட்டைமாடிக் கொடியின் நட்டநடுவில் காயப்போட்டு, ஒரு சீட்டு மாட்டினார். "அப்பா. மூத்திரம். ஒன்று." மேல்வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார், மகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். இப்போது சத்தமாகப் படியுங்கள் என்று என்னிடம் சொன்னார். படித்தேன்.

அணில் இறங்கி, விரிப்பின் பக்கத்தில் போய் மோந்து பார்த்தாள்.

"பொய் சீட்டு. வெறும் தண்ணி."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பொய் சீட்டு மாட்டியதற்காக ஈரப் பிரிவிலிருந்து இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அசடு வழிய ஊக்கைக் கழற்றினார்.

"மாட்டிக்கிட்டேன். இது பொய்தான். ஆனா எனக்கும் இருந்துச்சு. நெஜம். ஒம்பது வயசு வரைக்கும்."

இரவு வேலை முடிந்து சீருடையோடு அப்போதுதான் மேலே ஏறி வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டார். "இத எங்கிட்டகூட சொன்னதில்லையே!"

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்ற விஷயமா அது?"

"அதுக்கப்புறம் பத்து வருஷம் ஆச்சே!"

அணிலுக்கு அந்த விசாரணையில் அக்கறை இல்லை. "உங்க அப்பா திட்டினாரா?" என்று கேட்டாள்.

அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "திட்டினார். அடிச்சார்கூட."

"நின்னுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எப்பிடி நின்னுச்சு?"

"தெரியலடா. ஒருநாள் தானா நின்னுச்சு."

அணில் இரண்டு விரல்களை நீட்டி இரண்டு சட்டங்கள் போட்டாள். "இனிமே என் பெட்ஷீட்ட நீ தொடக்கூடாது. எதிர்வீட்டு மாமா எதையும் படிக்கக்கூடாது."

இருவரும் ஒப்புக்கொண்டோம். எங்கள் இருவரிடமிருந்தும் தொழிலையே பிடுங்கிக்கொண்டுவிட்டாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த வாரமே ஒரு குழந்தை டாக்டரிடம் போனார்கள். திரும்பி வந்து எனக்கு வரிவரியாகச் சொன்னார். டாக்டரம்மா அப்பாவை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு நேராக மகளிடமே பேசியிருக்கிறார். நீ வேணும்னு பண்ணல, எனக்குத் தெரியும், உன் வகுப்பிலேயே இன்னும் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும், யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான் என்றிருக்கிறார். பிறகு, பகலில் எத்தனை தடவை பாத்ரூம் போகிறாய் என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் போவதே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஏன்? கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வெளிக்குப் போவதும் மூன்று நாளுக்கு ஒருமுறைதான்.

"வயித்துல மூட்டைய எறக்காம அடுக்கி வெச்சா பக்கத்துல இருக்கிற மூத்திரப்பைக்கு எடம் ஏதுன்னு கேட்டாங்கண்ணே. என் தொழில எனக்கே சொல்லிக் குடுக்கிறாங்க. பகல் பூராவும் தண்ணி நல்லா குடிக்கணுமாம். படுக்கப்போறப்ப மட்டும் கொஞ்சமா. படுக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ போகணும். தெனமும் பழம். திட்டக்கூடாது, கேலி பண்ணக்கூடாது. சட்டுன்னு நிக்காது, ஆனா நிக்கும்னாங்க." கடைசியாக, "ஆறு மணிக்கு மேல தண்ணியே குடுக்காதன்னு எவன் சொன்னான்னு கேட்டாங்க" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"யாரோ தெரிஞ்சவங்கன்னு சொல்லிட்டேன்." பெரிய மனசு.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஒரு கையில் புதுத் தாழ்ப்பாள்கள், இன்னொரு கையில் திருப்புளி. தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் நான்கு கதவுகளுக்கும் மாட்டிவிட்டு வந்தார். ஏன் நான்கு என்று கேட்டேன். "ஒண்ணுக்கு மட்டும் மாட்டினா அதுக்கு வரிசை நிக்கும்ணே" என்றார்.

வீட்டில், தான் தொடாமல் மனைவியை விட்டு, படுக்கையை ஆஸ்பத்திரி முறைக்கு மாற்றினார். மெத்தைமேல் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் விரிப்பு, அதன்மேல் மறுபடி ஒரு ரப்பர் ஷீட், மறுபடி ஒரு விரிப்பு. நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உரித்து மூடி போட்ட நீல வாளியில் போட வேண்டியது, உடை மாற்றிக்கொள்ள வேண்டியது, அடியில் தயாராக இருக்கும் காய்ந்த விரிப்பில் படுத்துக்கொள்ள வேண்டியது. யாரையும் எழுப்ப வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பட்டப்பகலில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒத்திகை நடந்தது. கடிகாரத்தோடு நான் நடுவர். முதல்நாள் மூன்று நிமிடம். ஒரு வாரத்தில் ஐம்பது விநாடி. "என் ஆளுங்களுக்கே ஒன்றரை நிமிஷம் ஆகுதுண்ணே!" என்று ஊரெல்லாம் சொல்ல ஆசைப்பட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் என்னிடம் மட்டும் ஏழெட்டுத் தடவை சொன்னார்.

ஆனால் தொடக்கூடாது என்கிற சட்டம் அவரை ஆட்டிப் படைத்தது. காலையில் மகளின் கட்டிலைத் தாண்டும்போது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த பெரிய அதிகாரி மாதிரி நடப்பார். அணில் முக்காலி போட்டு ஏறி, தினமும் வீட்டு அழுக்குத் துணிகளோடு வாளியிலிருப்பதையும் தன் கையாலேயே துவைக்கும் இயந்திரத்தில் போடுவாள். இவர் பொத்தானை மட்டும் அழுத்தலாம். கொடியில் காயப்போடுவது அம்மா. அம்மாவுக்கு மட்டும் நிலவரம் தெரியும்.

"இந்த வாரம் எத்தன நாளு?" என்று மனைவியிடம் கிசுகிசுப்பாராம்.

"அவகிட்டயே கேளுங்க."

"கேக்கக்கூடாதே!"

"அப்ப சும்மா இருங்க."

நானும் என் சட்டத்தைக் காப்பாற்றினேன். மொட்டைமாடியில் என் நாற்காலியைக் கொடிக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டேன். அதனால் எத்தனை நாள் நனைந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர் பாட்டில் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தது. கன்னம் கொஞ்சம் உப்பியது. மேல்வீட்டுப் பிள்ளைகளோடு மறுபடி பந்து விளையாடினாள். அவர்களில் பெரியவன் ஒருநாள் அவளிடம் தனியாக ஏதோ கேட்டான். அவள் இரண்டு அடுக்கு, நீல வாளி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. படிக்கத்தான் தடை, கேட்கத் தடையில்லை.

நான்கு மாதம் போனது. அரையாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் காலை, பாலைக் குடித்துக்கொண்டே அணில் அறிவித்தாள்: "நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன். நாலு நாளு."

லாண்டரிக்காரர் அதைச் சொல்ல என் வீட்டுக்கு ஓடிவந்தபோது சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தார். ஊக்குகள் உள்ளே மாட்டிக்கொண்டு குத்திக்கொண்டிருந்தன. அதுகூட உறைக்கவில்லை. பையை அவள்தான் அடுக்கினாளாம். விரிப்பு ஒன்று, ரப்பர் ஷீட் ஒன்று, மாற்றுடை. இவருக்குக் கிடைத்த ஒரே வேலை: "பையோட வாய விரிச்சுப் பிடி. உள்ள கைய விடாத."

அந்த நான்கு நாளும் மனிதர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. தினமும் மாலையில் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, என் திரைச்சீலை, மேசைத் துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் மாறி மாறி உருட்டிப் பார்த்தார். நனைந்து, அக்காக்கள் சிரித்துவிட்டால்? அதுதான் அவர் பயம். சிரிப்பு என்ன செய்யும் என்று ஒன்பது வயதுவரை பார்த்தவர். என் வாயைத் திறந்து ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். மனைவி ஒருமுறை போனில் பேசினார். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, "நாய் செருப்பக் கடிச்சிடுச்சாம்" என்று பதில் வந்தது.

ஞாயிறு மாலை பெரியப்பா கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அணில் படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தாள். நாய் செருப்பைக் கடித்தது, சோபாவைக் கடித்தது, பெரியக்காவின் பாடப்புத்தகத்தில் மூன்று பக்கத்தைத் தின்றுவிட்டது, எல்லோரையும் விட்டுவிட்டு அவள் காலடியில்தான் வந்து படுத்தது. நான் என் வாசலில் நின்றேன். அவர் பையை வாங்கிக்கொண்டார். ஜிப் முழுதாக மூடவில்லை. பூப்போட்ட விரிப்பின் ஓரம் வெளியே தெரிந்தது.

அந்த இரண்டு விரல்களும் கிளம்பிவிட்டன. பாதி தூரம் போயும்விட்டன. அவர் கையைப் பின்னுக்கு இழுத்து, கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"நாய்க்கு இப்ப எத்தன பல்லுடா?" என்று கேட்டார்.

அணில் கால்சட்டைப் பைக்குள் இருந்த கையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு பயணப் பையின் ஜிப்பை முழுவதும் திறந்து, நான்காக மடித்திருந்த விரிப்பை வெளியே எடுத்து, இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினாள்.

"இந்தா. தொட்டுப் பாரு."

அவர் கையை வெளியே எடுத்தார். உடனே தொட்டுவிடவில்லை. முதலில் இரண்டு கைகளையும், உள்ளங்கை புறங்கை எல்லாம், சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.